வாடகை வசூல்காரர் வரைந்த நகரம்: யார் இந்த எல்.எஸ்.லவ்ரி?

2022 அக்டோபரில் லண்டனில் நடந்த கிறிஸ்டிஸ் ஏலத்தில் ஓர் ஓவியம் 78 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. படத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கால்பந்து மேட்ச் பார்க்க ஜனங்கள் மைதானத்துக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். நாலா பக்கமும் இருந்து, எதிர்க்காற்றில் நடப்பதுபோல முன்னே சாய்ந்தபடி, நூற்றுக்கணக்கான குட்டி குட்டி மனிதர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பின்னணியில் மில் புகைபோக்கிகள்.

அந்தப் படத்தின் பெயர் 'கோயிங் டு த மேட்ச்'. வரையப்பட்ட ஆண்டு 1953. படத்தில் இருப்பது இங்கிலாந்தின் போல்டன் நகரில் இருந்த பர்ன்டன் பார்க் மைதானம். இப்போது போய்ப் பார்த்தால் அங்கே மைதானம் இல்லை. 1999-ல் இடித்துவிட்டார்கள். கடைகள் வந்துவிட்டன.

இந்த ஓவியரின் எந்தப் படத்தை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். மில் இருக்கும், இப்போது இல்லை. தெரு இருக்கும், இப்போது இல்லை. தேவாலயம் இருக்கும், அதுவும் இப்போது இல்லை. வடமேற்கு இங்கிலாந்தின் தொழிலாளர் நகரங்களை அரை நூற்றாண்டு காலம் விடாமல் வரைந்தவர் லாரன்ஸ் ஸ்டீஃபன் லவ்ரி. அவர் முழுநேர ஓவியரும் இல்லை. 65 வயது வரை ஆபீஸ் வேலைக்குப் போன மனிதர். அந்த வேலையை வெளியுலகத்திடம் கடைசி வரை மறைத்தார்.

ஏன் மறைத்தார்? அவர் வரைந்த நகரம் எங்கே போனது?

மேட்டுக்குடித் தெருவில் இருந்து மில் தெருவுக்கு

1887 நவம்பர் 1-ம் தேதி மான்செஸ்டரை ஒட்டிய ஸ்ட்ரெட்ஃபோர்டில் பிறந்தார் லவ்ரி. ஒரே பிள்ளை. அப்பா ராபர்ட், நிலம், வீடு விற்கும் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தா. அம்மா எலிசபெத் நன்றாகப் பியானோ வாசிப்பவர். மேடைக் கலைஞராக வேண்டும் என்று கனவு கண்டவர். கனவு பலிக்கவில்லை, உடம்பும் ஒத்துழைக்கவில்லை. பெண் குழந்தையை எதிர்பார்த்தவருக்குப் பையன் பிறந்ததிலும் வருத்தம். அந்த வருத்தத்தை அவர் மறைத்துக்கொள்ளவும் இல்லை.

மான்செஸ்டர் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோவையை 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். பஞ்சு, நூல், துணி: உலகத்தின் ஜவுளித் தலைநகரமாக இருந்த பகுதி அது. முதல் உலகப் போருக்கு முன்பு, உச்சத்தில் இருந்தபோது, லங்காஷயர் மில்கள் ஆண்டுக்குச் சுமார் 800 கோடி கஜம் துணி நெய்தன. அதில் பெரும்பங்கு வெளிநாடுகளுக்குப் போனது. மிகப் பெரிய சந்தை இந்தியா.

ஆனால் லவ்ரி குடும்பம் அந்த மில்களைத் தள்ளி நின்றே பார்த்தது. மரங்கள் சூழ்ந்த விக்டோரியா பார்க் பகுதியில், வசதியானவர்களுக்கு நடுவே இருந்தது வீடு. பிறகு கையில் பணம் சுருங்கியது. 1909-ல் பென்டில்பரி என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். மில்கள், நிலக்கரிச் சுரங்கம், புகை, கரி. அம்மாவுக்கு அது பெரிய அவமானம். மகனுக்கும் ஆரம்பத்தில் அந்த ஊர் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சில வருடங்களில் அதன் மேல் பித்துப் பிடித்து அலையப்போகிறோம் என்று அப்போது அவருக்கே தெரியாது.

பகலில் ஆபீஸ், மாலையில் ஓவிய வகுப்பு

1904-ல், 16 வயதில், கணக்கர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அப்புறம் ஒரு காப்பீட்டு நிறுவனம். ஆட்குறைப்பில் அந்த வேலை போனது. 1910-ல் பால் மால் ப்ராப்பர்டி கம்பெனியில் சேர்ந்தார். வேலை என்ன தெரியுமா? வாடகை வசூல். கம்பெனி நிர்வகிக்கும் வீடுகளுக்கு நேரில் போய், கதவைத் தட்டி, வாடகை வாங்கி, கணக்கில் எழுத வேண்டும். அதே கம்பெனியில் 42 வருடம் இருந்தார். தலைமை கேஷியராகி, 1952-ல் ஓய்வூதியத்தோடு ரிட்டயர் ஆனார்.

இன்னொரு பக்கம், 1905 முதல் மான்செஸ்டர் ஓவியப் பள்ளியில் மாலை வகுப்பு. அங்கே அவருக்கு வாய்த்த வாத்தியார் அடால்ஃப் வாலெட். பிரான்ஸிலிருந்து வந்தவர், இம்ப்ரெஷனிச பாணியில் தேர்ந்தவர். மான்செஸ்டரின் பனிமூட்டம், ஈரத் தெரு, கால்வாய் எல்லாவற்றையும் வாலெட் வரைந்தார். ஓவியம் என்றாலே பூந்தோட்டமும் மலையடிவாரமும்தான் என்று இருந்த காலத்தில், இந்த அழுக்கு நகரத்தையும் வரையலாம் என்று லவ்ரி கண்ணெதிரே பார்த்தது அவரிடம்தான். 1915-லிருந்து சால்ஃபோர்டு ஓவியப் பள்ளியிலும் சேர்ந்து பத்து வருடம் படித்தார். ஆக மொத்தம் 20 வருட மாலை வகுப்பு. பிற்காலத்தில் சிலர் அவரை முறையாகப் படிக்காத ஓவியர் என்று சொன்னபோது அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு.

தவறவிட்ட ரயில்

அவரே பிற்பாடு அடிக்கடி சொன்ன சம்பவம் இது. 1916-ல் ஒருநாள் பென்டில்பரி ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்டார். எரிச்சலோடு படியேறி மேலே வந்தால், எதிரே ஆக்மி நூற்பாலை. வேலை முடிந்த நேரம். ஜன்னல்களில் மஞ்சள் விளக்குகள், பின்னால் மங்கிய வானம், வாசலில் இருந்து சாரை சாரையாக வெளியே கொட்டும் தொழிலாளர்கள்.

தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்று அவர் அதை ஒரு படமாகப் பார்த்தார். இதை யாரும் ஒழுங்காக வரைந்ததில்லையே என்று தோன்றியது. அதன்பிறகு அந்தப் பித்து விடவில்லை.

இங்கேதான் வாடகை வசூல் வேலை கை கொடுத்தது. ஓர் ஓவியர் தொழிலாளர் தெருவுக்குப் போனால் வேடிக்கை பார்க்க வந்த ஆளாகத்தான் நிற்க முடியும். லவ்ரிக்கு அங்கே நிற்க ஒரு காரணம் இருந்தது. வாரா வாரம் அதே தெரு, அதே வாசல். முதுகோடு முதுகு ஒட்டிய லைன் வீடுகள். எந்த வீட்டில் ஆள் படுத்த படுக்கை, எந்த வீட்டில் வேலை போய்விட்டது, யார் குடித்துவிட்டு வந்தார் என்பதெல்லாம் வாடகை வசூலிப்பவருக்குத் தெரியாமல் இருக்குமா? சட்டைப் பையில் இருக்கும் காகிதத்தில், பழைய கவரின் பின்பக்கத்தில், நின்ற இடத்திலேயே கோடு இழுத்துக்கொள்வார். ராத்திரி வீட்டில் அது ஓவியமாகும்.

இந்த வேலையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வாடகை வாங்குபவர் அந்தத் தெருவின் ஆள் இல்லை, வீட்டு உரிமையாளரின் ஆள். தட்டுமுட்டுச் சாமான்களோடு வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் குடும்பங்களும் லவ்ரியின் படங்களில் உண்டு. அதை வரைந்த கை, மறுநாள் காலை வாடகைக் கணக்கு எழுதிய கை. இந்த முரண்பாட்டை அவர் எங்கும் விளக்கவில்லை.

வெள்ளை எப்படி வந்தது?

லவ்ரி படத்தைத் தூரத்தில் இருந்தே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். பால் வெள்ளைப் பின்னணி, அதன் மேல் கரிக்கோடு போல மனிதர்கள். இந்த வெள்ளை தானாக வரவில்லை.

ஆரம்பத்தில் அவர் வரைந்தவை எல்லாம் ஒரே இருட்டு. 'மான்செஸ்டர் கார்டியன்' நாளிதழின் ஓவிய விமர்சகரும் சால்ஃபோர்டு பள்ளி ஆசிரியருமான பெர்னார்ட் டெய்லர், படம் மிகவும் இருண்டிருக்கிறது, ஆட்கள் பின்னணியோடு கரைந்துபோகிறார்கள் என்று குறை சொன்னார். லவ்ரிக்குக் கடுப்பு. அப்படியா சங்கதி என்று, முழு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு உருவங்களாக வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தார். வம்புக்குச் செய்தது. ஆனால் டெய்லர் எதிர்பார்த்ததே அதைத்தான். யோசித்துப் பார்த்த லவ்ரிக்கும் அது சரியாகவே பட்டது.

அதோடு நிற்கவில்லை. ஒரு பலகையில் வெள்ளை பூசி, மூடி ஒட்டி, பல வருடம் அப்படியே வைத்தார். பிறகு திறந்து, புதிதாக வெள்ளை பூசிய பலகையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையது இளமஞ்சள் கலந்த பால்நிறத்துக்கு மாறியிருந்தது. தன் படங்கள் தான் போன பிறகே சரியான நிறத்துக்கு வரும் என்பது அவர் கணக்கு.

வாழ்நாள் முழுக்க அவர் பயன்படுத்தியவை ஐந்தே வண்ணங்கள்: கறுப்பு, செந்தூரச் சிவப்பு, பிரஷ்ய நீலம், மஞ்சள் காவி, வெள்ளை. படங்களில் நிழல் விழாது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மனிதர்கள் ஒல்லியாக, கொஞ்சம் கூனலாக, பெரிய பூட்ஸோடு நடப்பார்கள். இதனால் 'தீக்குச்சி மனிதர்கள்' என்று ஒரு பெயர் வந்து, கடைசி வரை அவரை விடாமல் ஒட்டிக்கொண்டது. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தீக்குச்சிக்கும் ஒரு நடை இருக்கிறது. ஒருவர் அவசரமாகப் போகிறார், ஒருவர் சண்டையை வேடிக்கை பார்க்கிறார், ஒரு குழந்தை நாயின் பின்னால் ஓடுகிறது.

1926-ல் வரைந்த 'ஆன் ஆக்சிடென்ட்' படத்தில் பெரிய கூட்டம் ஓரிடத்தில் கூடி நிற்கிறது. என்ன விபத்து என்பது நமக்குத் தெரியாது, கூட்டம் மறைத்துக்கொண்டிருக்கிறது. 1935-ல் வரைந்த 'த ஃபீவர் வேன்' படத்தில் தொற்றுக் காய்ச்சல் கண்ட யாரையோ ஏற்றிப்போக வண்டி வந்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் தள்ளி நிற்கிறார்கள். நோயாளி முகம் தெரியாது. ஆன்டிபயாடிக் மருந்துகள் புழக்கத்துக்கு வராத காலம் அது. அந்த வண்டியில் போகிறவர் திரும்பி வருவாரா என்ற பயம் தெருவில் இருந்திருக்கும்.

இருந்த ஊரா, இல்லாத ஊரா?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். லவ்ரி படங்கள் புகைப்படம் மாதிரி அச்சு அசலான பதிவுகள் கிடையாது. பல படங்கள் கலவை ஊர்கள். ஓர் ஊரின் மில், இன்னோர் ஊரின் தேவாலயக் கோபுரம், ஸ்டாக்போர்ட் நகரின் பிரம்மாண்டமான ரயில் பாலம் என்று தன் மனதில் இருந்ததை எல்லாம் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுவார். 1955-ல் வரைந்த 'இண்டஸ்ட்ரியல் லேண்ட்ஸ்கேப்' அந்த வகை. அந்த ஊரை எந்த மேப்பிலும் தேட முடியாது. ஆனால் லங்காஷயரில் வளர்ந்த யாரும் அதைப் பார்த்தால் எங்க ஊர் என்றுதான் சொல்வார்கள்.

அதே சமயம், மறைந்துபோகும் இடத்தைக் கண்ணால் பார்த்து வரைந்ததும் உண்டு. சால்ஃபோர்டில் இருந்த செயின்ட் சைமன் தேவாலயம் சீக்கிரமே இடிபடப் போகிறது, போய்ப் பார் என்று அப்பா சொல்ல, 1928-ல் அதை வரைந்தார். சில மாதம் கழித்துப் போனபோது கட்டடம் இல்லை.

அவர் வரைய ஆரம்பித்த காலத்திலேயே அந்த உலகம் சரியத் தொடங்கியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு லங்காஷயர் துணிக்கு மவுசு குறைந்தது. ஜப்பான் போட்டிக்கு வந்தது. இந்தியாவில் உள்ளூர் மில்கள் பெருகின, இறக்குமதி வரி ஏறியது, அந்நியத் துணி புறக்கணிப்பும் சேர்ந்துகொண்டது. 1931-ல் காந்தி லங்காஷயருக்கே போய், வேலை இழந்த தொழிலாளர்களைச் சந்தித்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் லவ்ரி 'கமிங் ஃப்ரம் த மில்' வரைந்து முடித்திருந்தார். ஷிஃப்ட் முடிந்து ஜனங்கள் திமுதிமுவென்று வெளியே வரும் படம். 1960-களிலும் 70-களிலும் வாரத்துக்கு ஒரு மில் என்ற கணக்கில் மூடுவிழா நடந்தது.

அம்மா பார்க்காத வெற்றி

1932-ல் அப்பா இறந்தார். இறந்த பிறகுதான் அவர் வைத்துவிட்டுப் போன கடன்கள் தெரிய வந்தன. அம்மா படுத்த படுக்கையானார். அடுத்த ஏழு வருடம் அவரைக் கவனித்துக்கொண்டது மகன்தான். பகல் முழுக்க ஆபீஸ். மாலையில் அம்மாவுக்குப் பணிவிடை. அவர் தூங்கிய பிறகு, ராத்திரி பத்து மணிக்கு மேல் பின்னிரவு வரை ஓவியம். இன்று உலகம் கொண்டாடும் படங்களில் பல இப்படி வரைந்தவை.

அம்மாவுக்கு அந்தப் படங்கள் பிடித்ததில்லை. தன்னைக் கீழே இறக்கிய ஊரையே மகன் வரைந்துகொண்டிருந்தால் எந்தத் தாய்க்குப் பிடிக்கும்? இந்தக் காலத்தில்தான், 1938-ல், சிவந்த கண்களோடு நம்மையே முறைக்கும் ஒரு மனிதனின் முகத்தை லவ்ரி வரைந்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடி தொடங்கிய படம் அது.

1939-ல் லண்டனின் லெஃபெவ்ர் காலரியில் அவரது முதல் தனிக் கண்காட்சி. அப்போது வயது 51. டேட் காலரி ஒரு படத்தை வாங்கியது. நீண்ட காலம் காத்திருந்த அங்கீகாரம். அதே ஆண்டு அக்டோபரில் அம்மா இறந்துபோனார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. குண்டுவீச்சில் எங்காவது தீப்பிடிக்கிறதா என்று கண்காணிக்க, மான்செஸ்டரின் லூயிஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் இரவுக் காவல் இருந்தார். பொழுது விடிந்ததும் இடிபாடுகளை வரைந்தார். 1948-ல் மோட்ராம் என்ற சிற்றூருக்கு வீடு மாறினார். அந்த வீடு பிடிக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டே சாகும் வரை அதிலேயே இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கார் வாங்கவில்லை. வெளிநாடு போனதே இல்லை.

ஏன் அந்த ரகசியம்?

இவ்வளவு பேர் வந்த பிறகும் வாடகை வசூல் வேலையை ஏன் மறைத்தார்? காரணம் எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை ஓவியர், அதாவது பொழுதுபோக்குக்கு வரைகிறவர் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம். வேறு வேலை பார்த்துக்கொண்டே கலையை விடாமல் பிடித்திருப்பவர்களுக்கு அந்தப் பயம் புரியும். நெருங்கிய சிலரைத் தவிர மற்றவர்களுக்கு, அவர் இறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

விருதுகளையும் அவர் வாங்கவில்லை. 1955-ல் ஓ.பி.இ., 1961-ல் சி.பி.இ., 1968-ல் நைட்ஹுட் என்ற சர் பட்டம், 1972-லும் 1976-லும் கம்பேனியன் ஆஃப் ஹானர். ஐந்து அரச கௌரவங்களை மறுத்தவர் என்ற சாதனை அவர் பெயரில் இருக்கிறது. அம்மா போன பிறகு இதெல்லாம் யாருக்காக என்பதே அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது.

அவர் ஏழைகளுக்காகக் குரல் கொடுத்த புரட்சி ஓவியரும் இல்லை. அப்படிப் பார்க்க ஆசைப்பட்டவர்களை அவரே ஏமாற்றினார். வாழ்நாள் முழுக்க கன்சர்வேடிவ் கட்சிக்காரர். தொழிலாளர் மேல் பரிதாபப்பட்டு வரையவில்லை, அந்தக் காட்சி தன்னைப் பிடித்து ஆட்டியதால் வரைந்தேன் என்பதுதான் அவர் நிலைப்பாடு. ஆனாலும் தொழிலாளர் கட்சிப் பிரதமர் ஹெரால்ட் வில்சன், 1964-ல் தன் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்குத் தேர்ந்தெடுத்தது லவ்ரியின் 'த பாண்ட்' ஓவியத்தைத்தான்.

ஊர் போனது, படமும் மாறியது

1956-ல் பிரிட்டனில் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. புகை குறைந்தது. அதைத் தொடர்ந்த வருடங்களில் சால்ஃபோர்டிலும் மான்செஸ்டரிலும் நெருக்கடியான பழைய வீடுகளைத் தெருத் தெருவாக இடித்து, அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டினார்கள். இதை வெறும் சோகக் கதையாகச் சொல்ல முடியாது. ஒழுகும் கூரையும் வெளியே கழிவறையுமாக இருந்த வீடுகள் அவை. போனதில் நிம்மதி அடைந்தவர்கள் ஏராளம். ஆனால் வீட்டோடு சேர்ந்து தெருமுனையும் போனது, கூட்டமும் போனது.

லவ்ரி என்ன செய்தார்? சந்தையில் அவரது மில் படங்களுக்கு நல்ல கிராக்கி இருந்தது. நினைத்திருந்தால் அதையே திரும்பத் திரும்ப வரைந்து சம்பாதித்திருக்கலாம். ஆனால் கண்ணெதிரே இல்லாத ஊர் மெல்ல அவர் கையை விட்டும் போனது. 1950-களின் கடைசியில் இருந்து தனி மனிதர்களை, தெருவோரத்தில் ஒதுங்கியவர்களை அதிகம் வரைந்தார். அப்புறம் வடகிழக்குக் கரைக்குப் போய்க் கடலை வரைந்தார். படகு இல்லாத, கரை இல்லாத, ஆளே இல்லாத கடல்.

1957-ல் ஒரு படம். சுவர் மேல் ஒருவர் மல்லாந்து படுத்து சிகரெட் பிடிக்கிறார். பின்னால் ஒரு புகைபோக்கி. சுவரில் சாய்த்து வைத்திருக்கும் ஆபீஸ் பையில் எல்.எஸ்.எல். என்று எழுத்துகள். ரிட்டயர் ஆகி ஐந்து வருடம் கழித்து, அந்த ஆபீஸ் பையை அவரே படத்துக்குள் வைத்துவிட்டார்.

1976 பிப்ரவரி 23-ல், 88 வயதில் லவ்ரி இறந்தார். மான்செஸ்டர் சதர்ன் கல்லறைத் தோட்டத்தில் அம்மா, அப்பாவின் பக்கத்தில் அடக்கம். அதே ஆண்டு லண்டன் ராயல் அகாடமியில் அவரது படங்களின் பெரும் கண்காட்சி நடந்தது, கூட்டம் அலைமோதியது.

இப்போது என்ன மிச்சம்?

அவர் ரயிலைத் தவறவிட்ட பென்டில்பரி ஸ்டேஷன் 1960-ல் மூடப்பட்டது. எதிரே இருந்த ஆக்மி மில்லும் இல்லை. சால்ஃபோர்டு துறைமுகம் 1982-ல் மூடப்பட்டு, அந்த இடத்தில் 2000-ல் ஒரு கலை மையம் எழுந்தது. அதன் பெயரே 'த லவ்ரி'. அவரது சுமார் 400 படைப்புகள் அங்கே இருக்கின்றன. 2022 ஏலத்தில் 'கோயிங் டு த மேட்ச்' படத்தை வாங்கியதும் இந்த மையம்தான். தனியார் வீட்டுச் சுவருக்குப் போயிருக்க வேண்டிய படம், பொதுமக்கள் பார்க்கும் இடத்திலேயே தங்கியது.

கலை உலகத்தில் அவர் மேல் தீர்ப்பு இன்னும் ஒன்றாக இல்லை. வட்டார ஓவியர், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தவர் என்று லண்டன் விமர்சகர்கள் சிலர் ஒதுக்கினார்கள். டேட் தன்னிடம் உள்ள லவ்ரி படங்களைச் சுவரில் மாட்டாமல் கிடங்கில் வைத்திருக்கிறது என்று 2011-ல் நடிகர் இயன் மெக்கெல்லன் உள்ளிட்டோர் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார்கள். 2013-ல் டேட் பெரிய கண்காட்சி நடத்தியது.

அந்த விவாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். லங்காஷயர் மில்களில் எத்தனை கஜம் துணி நெய்தார்கள் என்ற கணக்கு ஆவணங்களில் இருக்கிறது. மாலையில் அந்த மில்லை விட்டு வெளியே வந்தவர்கள் எப்படி நடந்தார்கள், எங்கே நின்று பேசினார்கள், யார் வீட்டு வாசலில் கூட்டம் கூடியது என்பது அந்தக் கணக்கில் வராது. அது தெரிய வேண்டுமானால் லவ்ரியின் படங்களைத்தான் பார்க்க வேண்டும்.